காசியிலிருந்து அளந்த குற்றாலம்

மானிட சரித்திரத்தில் 1986 ஜூலை பன்னிரண்டுக்கு ஈடான நாள் முன்னும் இல்லை, இனியும் வராது என்று தென்காசிச் சுவரெங்கும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தென்காசியும் குற்றாலமும் அன்று கல்லூரிக் கம்ப்யூட்டருக்குள் குடியேறுகின்றனவாம். விசையை அழுத்தினால் கல்லூரிச் செயலாளர் முத்துக்குமாரசாமியின் உருவம், தோளில் துண்டோடு, கோயில் வாசலிலிருந்து பேரருவி வரை நடந்துபோய்க் குளிக்கும்.

இதைச் செய்தவன் குற்றாலநாதன், தற்காலிக விரிவுரையாளன். விழா நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று செயலாளர் சொல்லியிருந்தார். அவன் கல்யாணப் பேச்சு அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நின்றுகொண்டிருந்தது.

அன்று காலையில் செயலாளர் கேட்டார்: "தூரத்தையெல்லாம் எங்கன இருந்துவே அளந்திருக்கீரு?"

"பஸ் ஸ்டாண்டுல இருந்து, அண்ணாச்சி. அதான் சைபர்."

"மூத்திர நாத்தம் பிடிச்ச எடமாவே உலகத்துக்கு ஆரம்பம்? நம்ம ஊரு தென்காசி. அசல் காசியில இருந்து அளந்து போடும்."

"அது ரெண்டாயிரம் கிலோமீட்டர், அண்ணாச்சி. இந்த மிஷினு ஆறு இலக்கந்தான் ஞாபகம் வைக்கும். காசியில இருந்து அடிக்கணக்குல எண்ணுனா ஏழு இலக்கம் வருது. கடைசியை முழுங்கிரும். பத்தடிக்குள்ள என்ன நடந்தாலும் அதுக்குத் தெரியாது."

"விசுவநாதரு பாத்துக்கிடுவாரு. மாத்தும்."

மாற்றினான்.

மாலையில் கல்வி அதிகாரி தங்கபுஷ்பம் விசையை அழுத்தினார். திரையில் செயலாளர் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்; கோயில் வாசலை விட்டு நகரவில்லை. அவர் வைத்த ஒவ்வொரு இரண்டடியையும் கம்ப்யூட்டர் சில்லறை என்று தள்ளிவிட்டு, பழைய இடத்திலேயே நிறுத்தியது.

"ஐயா நடக்காங்களா, நிக்காங்களா?" என்றார் அதிகாரி.

"சந்நிதியை விட்டுப் போக மனசு வரல, மேடம்," என்றார் செயலாளர்.

குற்றாலநாதன் கீபோர்டுக்கு ஓடினான். ஒரு எட்டு வைத்தால் இரண்டடி என்றிருந்ததைப் பத்தடி என்று அவசரமாக மாற்றினான். இப்போது செயலாளர் பறந்தார். வழியிலிருக்கும் மேலகரத்தை மூச்சுவிடாமல் தாண்டிக் குற்றாலம் போய்ச் சேர்ந்தார். அருவியில் ஆண்கள் பக்கம், கம்பிவேலிக்கு நாலடி இந்தப்புறம் அவர் நிற்கவேண்டும். நாலடி என்று ஒன்று கம்ப்யூட்டரின் உலகத்தில் கிடையாதே. ஒரே தாவாகத் தாவி, பெண்கள் குளிக்கும் இடத்தின் நடுவில் போய்த் துண்டை எடுத்து உதறினார்.

தங்கபுஷ்பம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "வழக்கமா அங்கனதான் குளிக்கதா?" என்றார்.

அரங்கம் சிரித்து ஓயப் பத்து நிமிஷம் ஆயிற்று.

திங்கட்கிழமை குற்றாலநாதனுக்கு வேலை இல்லை.