முப்பத்தோராவது பதில்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. கட்டுரையாகப் பிறந்து நடுவழியில் கெட்டுப்போனது. கெடுத்தவன் நான்தான்.

பெங்களூரில் வானம் பார்க்கிறவர்களின் சிறு சங்கம் ஒன்று. அதன் செயலாளர் ஹரிஷ்குமார், பகலில் ஐடி கம்பெனி, சாயங்காலத்துக்கு மேல் வியாழனும் சனியும். ஜனவரியில் எனக்கு ஃபோன் செய்தார்.

"சார், நம்ம மலருக்கு ரெண்டு பக்கம் வேணும். அமெச்சூர் ஆளுங்க எந்த டெலஸ்கோப் ஜாஸ்தி யூஸ் பண்றாங்க, ஏன் யூஸ் பண்றாங்க. அவ்ளோதான். சிம்பிளா எழுதிடுங்க."

அவரே ஒரு படிவம் தயாரித்து எல்லோருக்கும் அனுப்பினார். நாற்பத்து மூன்று பதில்கள் வந்தன. முப்பது வரை ஒழுங்காகக் குறிப்பெடுத்தேன். முப்பத்தொன்றில் நின்றுவிட்டேன். 'இனிமேல் பயன்படுத்தப்போவதில்லை என்றால் ஏன்?' என்ற கேள்விக்கு அங்கே இப்படி ஒரு பதில்: 'கண் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கே கொடுத்துவிடுகிறோம்.' கூடவே தொலைநோக்கியின் புகைப்படம். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்குக் கட்டுரை வரவில்லை.

படத்தில் என்ன இருந்தது என்று இப்போதே சொல்லமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், நாலாம் பகுதிக்குள் சொல்லிவிடுகிறேன்.

2

சில தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போடாமல் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

'மல்லேஸ்வரத்தில் சுந்தரேசன் என்றொரு ஓய்வுபெற்ற பேராசிரியர் இருந்தார். அவர்—'

வேண்டாம். பேராசிரியர் தப்பு செய்தால் அதற்கும் ஒரு விளக்கம் கையில் வைத்திருப்பார். எனக்கு வேண்டியது விளக்கம் இல்லாமல் மாட்டிக்கொள்கிற ஆள்.

'வானம் எல்லோருக்கும் பொதுவானது. ஆயினும்—'

சீ! இப்படித் தொடங்கும் கட்டுரையை நானே படிக்கமாட்டேன்.

'ஆரம்பக்காரர்கள் அதிகம் வாங்குவது டாப்சோனியன் என்னும் வகை. அடியில் குழிந்த கண்ணாடி வைத்த ஒரு நீளக் குழாய், அதைத் தாங்க ஒரு மரப்பெட்டி. மோட்டார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. கையால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். லென்ஸைவிடக் கண்ணாடி மலிவு என்பதால், கொடுத்த காசுக்குப் பெரிய வாய் கிடைக்கும். வாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வெளிச்சம்.'

இது பரவாயில்லை. எங்கள் நாற்பத்து மூன்று பேரில் பத்தொன்பது பேரிடம் இருப்பது எட்டு அங்குல டாப்சோனியன். ஆனால் 'போன மாதம் எதை அதிகம் எடுத்தீர்கள்?' என்று கேட்டால் கதை மாறிவிடுகிறது. பைனாகுலர் என்கிறார்கள். மேசைமேல் வைக்கிற நாலரை அங்குலக் குட்டி என்கிறார்கள். பெரியது மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறதாம். காரணம் கேட்டதற்கு ஒருவர் எழுதியிருந்தார்: 'ஆட்டோவில் ஏறாது.' இரண்டு பக்கம் எழுதி நான் சொல்ல வந்ததை மனிதர் இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். எளிதாகத் தூக்க முடிந்ததைத்தான் ஜனங்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

[இந்த ஆட்டோ விஷயத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேண்டியிருக்கும்.]

3

சுந்தரேசனை அனுப்பிவிட்டு, ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியில் கிளெமென்டையும் அவர் மனைவி ஜூடித்தையும் குடிவைத்தேன்.

கிளெமென்டுக்கு அறுபத்திரண்டு. முப்பத்துமூன்று வருஷம் தொழிற்சாலை ஒன்றில் அளவுச் சோதனைப் பிரிவு. முடிக்கனம் கூடினாலும் குறைந்தாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டிலும் அதே புத்திதான். சுவரில் படம் மாட்டினால் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். ஜூடித்துக்கு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அவளுக்கு வானத்தில் பெரிய ஆசை கிடையாது. அவர் கூப்பிட்டால் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு மேலே போவாள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள், "நல்லாருக்குங்க" என்பாள், இறங்கிவிடுவாள்.

ஓய்வுபெற்றதும் அவர் எட்டு அங்குலம் வாங்கினார். இரண்டு வருஷத்தில் மூன்று நோட்டுகள் நிரம்பின. தேதி, நேரம், காற்று, மேகம், பென்சிலில் ஒரு படம். நிலாவின் பள்ளங்கள், வியாழனுக்குப் பக்கத்தில் நாலு புள்ளி, எல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கும். ஒன்றே ஒன்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஓரியன், அதாவது வேட்டைக்காரன் வடிவ நட்சத்திரக் கூட்டம், அதன் இடுப்புக்குக் கீழே ஒரு மங்கலான ஒளிமேகம் இருக்கிறது. அந்த மேகத்தின் நடுவில் நாலு நட்சத்திரங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். எட்டு அங்குலத்தில் சுலபமாகத் தெரியும் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. கிளெமென்டுக்குத் தெரிந்தது மூன்று.

முதல் வருஷம் ஊர் வெளிச்சத்தைத் திட்டினார். பெங்களூரில் அது எல்லோரும் நம்புகிற காரணம். அடுத்த வருஷம் சங்கத்தில் ஒருவர், "அவ்ளோ கடை வெளிச்சத்துல, கமர்ஷியல் ஸ்ட்ரீட் மாடிலேர்ந்தே நாலு தெரியுதே அங்கிள்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றார். கண் டாக்டரிடம் போனார். கண்ணில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை.

"கண்ணு போச்சு ஜூடி. அளவு பார்த்தே பொழைச்ச கண்ணு. இனிமே இத சும்னே வெச்சிக்கிட்டு என்ன பண்றது?"

அப்படிச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. தொலைநோக்கி போனால் போகட்டும். இந்த மனுஷன் போர்வை போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாரே என்றுதான் ஜூடித் பயந்தாள்.

[இவரை நான் ரொம்பப் பரிதாபமாக ஆக்குகிறேனா? ஒரு கெட்ட குணம் சேர்க்கிறேன். சங்கக் கூட்டங்களில் புதிதாக வந்தவர்களுக்குத் தொலைநோக்கியைப் பற்றி அரைமணி நேரம் வகுப்பு எடுப்பார். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.]

4

படிவத்தை நிரப்பியது ஜூடித்தான். படம் எடுத்ததும் அவள்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் அலுவலகத்தில் இருந்தபோது ஹரிஷ்குமார் ஃபோன் செய்தார்.

"ஆன்ட்டி, ஃபோட்டோ வந்துச்சு. தேங்க்ஸ். ஆனா மூடி போட்டபடியே எடுத்துட்டீங்க. மலர்ல போடணும், திறந்து ஒண்ணு எடுத்து அனுப்புறீங்களா?"

"திறந்துதான்ப்பா இருக்கு. நல்லா பாரு. அந்தச் சின்ன வட்ட மூடி, அதை அங்கிள் கையிலதான வெச்சிருக்கார்."

ஹரிஷ் படத்தை மறுபடி திறந்து, பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஹலோ? ஹரிஷ்?"

"ஆன்ட்டி... அது நிலாவுக்கு. நிலா ரொம்பக் கூசுதுன்னா மட்டும் அந்தச் சின்ன ஓட்டை. மத்ததுக்கெல்லாம் பெரிய மூடிய முழுசா கழட்டணும். அங்கிள் அதக் கழட்டினதே இல்லையா?"

ஜூடித்துக்குக் காது சூடேறியது. இரண்டு வருஷம். எட்டு அங்குல வாயை மூடிவைத்துவிட்டு, இரண்டு அங்குல ஓட்டை வழியாக. வரவேண்டிய வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்கு. அந்தப் பெரிய மூடி கறுப்பாக, குழாயோடு குழாயாக, இறுகிப்போய் இருக்கும். சின்னதற்குத்தான் பிடித்துத் திருகக் குமிழ் உண்டு. பார்க்கிறவனுக்கு அதுதான் வாய் என்று தோன்றும்.

[ஒருவருமே கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் ஆட்டோ. எட்டு அங்குலம் ஆட்டோவில் ஏறாது, அவர் அதைச் சங்கத்துக்குக் கொண்டுபோனதே இல்லை. முதுகுவலி என்று ஊருக்கு வெளியே வானம் பார்க்கப் போகும் கூட்டங்களுக்கும் அவர் வரமாட்டார், அதனால் இன்னொருவருடையதில் பார்க்கும் வாய்ப்பும் இல்லை.]

ஃபோனில் ஒரு சத்தம் வந்தது. ஹரிஷ் அதை இருமலாக மாற்றிவிட்டார். ஆனால் அது சிரிப்பு என்று ஜூடித்துக்குத் தெரிந்துவிட்டது.

"ஹரிஷ், இத யாருக்கும் சொல்லாத. அங்கிளுக்கும் நீ சொல்லாத. நான் பார்த்துக்கிறேன்."

"ஆன்ட்டி, ஞாயித்துக்கிழம வண்டி அனுப்பணுமே..."

"அதுக்குள்ள சொல்லிடுறேன்ப்பா. வெச்சிடு."

5

இப்போது அவள் எப்படிச் சொல்வாள்? சொல்லாமல் விட்டால் அவர் கண்ணே போய்விட்டது என்று நம்பிக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழிப்பார். சொன்னாலோ, அளவு பார்த்தே பேர் வாங்கிய மனுஷன் மூடியைக் கழட்டத் தெரியாதவர் ஆகிவிடுவார். நான் இரண்டு விதமாக எழுதினேன்.

முதல் விதம். சனிக்கிழமை காலை காபி. நேராகச் சொல்லிவிடுகிறாள். அவர் ஒரு கணம் திகைத்து, பிறகு 'வயிறு குலுங்கச் சிரித்தார்' என்று எழுதினேன். எழுதிய கையோடு அடித்தேன். எந்த ஆம்பிளை அப்படிச் சிரிக்கிறான்? அதுவும் ரசமட்டம் வைத்துப் படம் மாட்டுகிறவன்!

இரண்டாம் விதம். அவர் குளிக்கும்போது மூடியைக் கழட்டி அரிசி டிரம்முக்குள் ஒளித்துவிடுகிறாள். சாயங்காலம் அவர் குனிந்து பார்க்கிறார், நாலு நட்சத்திரம்! கண் வந்துவிட்டது! மூடி போனதைக்கூடக் கவனிக்காமல், வியாழக்கிழமை விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு ஓடி மெழுகுவத்தி ஏற்றி, நன்றிக் கடிதம் எழுதிப் போட்டுவிடுகிறார். தெருவெல்லாம் புதுமை, இயேசு செய்த அற்புதம் என்று சொல்கிறார். ஜூடித் இப்போது என்ன செய்வாள், பாவம்? எழுதும்போது எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. பிறகு, நான் யாரைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று தோன்றியது. எழுதியதைத் தள்ளிவைத்துவிட்டேன்.

இதற்குள் ஹரிஷ்குமாரிடமிருந்து செய்தி: 'சார், கட்டுரை கேட்டேன். கதை கேக்கல.'

6

முதல் பகுதியில் ஒரு பொய் சொன்னேன். முப்பத்தோராவது பதில் யாரோ அனுப்பியது இல்லை. என்னுடையது.

கிளெமென்ட் இல்லை. மூடி இருக்கிறது. இப்போது என் அலமாரிமேல் இருக்கிறது. நான் பதினோரு மாதம் அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் பார்த்தேன். என் விஷயத்தில் ஃபோன் வரவில்லை, கூட்டத்தில் என் தொலைநோக்கியின் படம் திரையில் வந்தது. யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை, தட்டிக்கொடுத்துத்தான் சிரித்தார்கள். நானும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தொலைநோக்கியைப் போர்வையால் மூடினேன். அதன் பிறகு ஒன்றரை வருஷம் தொடவில்லை. எடை அதிகம், அதனால்தான் எடுப்பதில்லை என்று கேட்டவர்களிடம் சொன்னேன். படிவத்திலும் அதையே எழுதினேன், 'கண் போய்விட்டது' கிளெமென்டுக்காக நான் கட்டியது. கட்டுரைக்கும் எடையையே எழுதி அனுப்பியிருப்பேன்.

எந்தத் தொலைநோக்கியை ஜனங்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள்? அதை வைத்துக்கொண்டு தப்பு செய்தால் பக்கத்தில் யாரும் சிரிக்காத தொலைநோக்கியை. இது எந்தப் படிவத்திலும் வராது, ஹரிஷ்குமார்.

7

சனிக்கிழமை, பிப்ரவரி, சாயங்காலம் ஏழு மணி. மொட்டைமாடி. ஓரியன் நன்றாக ஏறிவிட்டது. பக்கத்துக் கோயிலில் பாட்டுப் பயிற்சி நடக்கிறது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். கிளெமென்ட் கடைசியாக ஒருமுறை பார்க்கவேண்டும் என்று வந்திருக்கிறார். சின்ன மூடியைக் கழட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்னங்க, கொஞ்சம் இருங்க."

ஜூடித் குழாயின் வாயை இரண்டு கையாலும் பிடித்தாள். மூடி வரவில்லை. இப்படியும் அப்படியும் அசைத்து இழுத்தாள். ஒரு சத்தத்தோடு முழுதாகக் கையில் வந்தது.

"ஏய்! என்ன பண்ற? உடைச்சிட்டியா?"

"உடைக்கல. இது கழட்டுறதுதானாம். ஹரிஷ் சொன்னான்."

கிளெமென்ட் மூடியை வாங்கிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். அடியில் பெரிய கண்ணாடி முழுதாகத் தெரிந்தது. மூடியின் ஓட்டைமேல் கட்டைவிரலை வைத்து அகலம் அளந்தார். பிறகு குழாயின் வாயை ஜாண் வைத்து அளந்தார். இரண்டையும் மறுபடி அளந்தார். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று ஜூடித்துக்குப் பயமாக இருந்தது.

"ரெண்டு வருஷம்" என்றார். "மூணு நோட்டு. சங்கத்துல வேற கிளாஸ் எடுத்தேன்."

"நானும்தானே பார்த்தேன்? எத்தன வாட்டி ஏறி வந்து பார்த்தேன், எனக்குத் தெரிஞ்சிச்சா? ரெண்டு பேரும் சேர்ந்துதாங்க பார்த்தோம். எனக்கும் மூணுதான் தெரிஞ்சுது."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மூடியை அவளிடமே கொடுத்தார். குனிந்தார்.

"ஒண்ணு" என்றார். கொஞ்சம் நகர்த்தினார். "ரெண்டு. மூணு."

நான் இங்கேயே பேனாவை வைக்கிறேன். நாளைக்கு வண்டி வந்தால் அவர் என்ன சொல்லி அனுப்புவார் என்று எனக்குத் தெரியாது. என்னுடையதன் போர்வையை இன்றைக்கு எடுக்கப்போகிறேன், அது மட்டும் தெரியும். அந்த மாடியில் இப்போது இரண்டே பேர்தான் இருக்கிறார்கள். அடுத்த எண்ணைக் கேட்கவேண்டுமானால் நீங்கள் ஏறிப் போங்கள். சிரிக்காமல் போங்கள்.