நீல நாடா

மாதா திருநாள் பவனியில் மாதாவின் சிலையை, அந்தச் சுரூபத்தைத் தோளில் தூக்கும் நாலு பெண்களில் ஒருத்தியாக இந்த வருடம் ஜெஸ்ரின் தெரிவானாள். இரண்டு வருடம் காத்துக் கிடைத்த இடம். நாலு பேரும் ஒரே உயரம் இல்லாவிட்டால் சுரூபம் சரியும். அதனால் கோயிலின் மாதா சபைப் பெண்களைச் சுவரோடு நிறுத்தி அளந்துதான் எடுத்தார்கள்.

வெள்ளி மாலை வெம்பிளியில் சபைக் கூட்டம் முடிந்ததும் நேரே ஈஸ்ட் ஹாமுக்குப் போய், தமிழ் இளையோரின் நகைச்சுவை மேடையில் ஏறினாள். "செபமாலையில அம்பத்துமூண்டு மணி. உருட்டி முடிக்கிறதுக்குள்ள எங்கட சபையில அம்பத்துமூண்டு பேற்ற பிளவுசையும் பாத்து முடிச்சிடுவினம்." கூட்டம் வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. சபையின் நீல நாடாவும் பதக்கமும் கழுத்தில் தொங்கியதை அவள் மறந்துபோயிருந்தாள். நாடா போட்டவள் பேசினால் சபை பேசியதாகத்தான் கணக்கு. இரவே அவள் போட்ட வீடியோ விடிவதற்குள் எல்லோருடைய போனிலும் இருந்தது.

சனிக்கிழமை சபைத் தலைவி மேரிறோஸ் கிங்ஸ்பரியில் உள்ள தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஜெஸ்ரின் உட்காரவில்லை. குசினிக்குள் ஜன்னலுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தாள்.

"நானும் சிரிச்சனான் பிள்ளை. ஆனா நாடாவோட சொன்னா நாங்கள் சொன்ன மாதிரி. வீடியோவை அழி. இல்லாட்டி நாடாவைத் தந்திட்டுப் போ."

நாடா தெரியாமல் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். யாரோ வெளியாள் நின்று நக்கலடிப்பது போல இருந்தது. சபைக்காரி சொன்னால்தான் அது பகிடி.

"அழிக்க ஏலாது அன்ரி." நாடாவைக் கழற்றிக் கேத்திலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியேறினாள்.

ஞாயிறு திருநாளில் வெறும் கழுத்தோடு கடைசி வரிசையில் நின்றாள். வராமல் இருந்திருக்கலாம், வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அவளுடைய இடத்தில் டயனா நின்றாள், நாலு விரல் கட்டை. கோயில் வாசலைத் தாண்டியதுமே சுரூபம் அந்தப் பக்கம் சாய்ந்தது. மாதாவின் கிரீடம் நழுவியது. இருநூறு போன்கள் அதைப் படம் எடுத்தன.

மேரிறோஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து ஜெஸ்ரினின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வா."

"வீடியோ அப்பிடியே கிடக்கு அன்ரி."

"தெரியும். இப்ப தோளைக் குடு."

டயனா விலகிய இடத்தில் கொடுத்தாள். சுரூபம் நிமிர்ந்தது. சுரூபத்தைத் தாங்கிய தடியை அவள் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்த நேரம் பார்த்து, மேரிறோஸ் கைப்பையிலிருந்து நாடாவை எடுத்து அவள் கழுத்தில் போட்டார். பதக்கம் படத்தில் விழும்படி திருப்பியும் விட்டார். கழுத்து அரித்தது. கையை எடுத்தால் மாதா விழுவா.

"இதையும் மேடையில சொல்லுவன்," என்றாள் ஜெஸ்ரின்.

மேரிறோஸ் அதற்குள் முன்னுக்குப் போய்ச் செபம் சொல்லத் தொடங்கிவிட்டார். நாடாவோடு சொல்வதா, கழற்றிவிட்டுச் சொல்வதா என்று யோசித்தபடி, காலை மாற்றி மாற்றி வைத்து அவள் நடந்தாள். தெரு நீளமாகக் கிடந்தது.