நூற்றுப் பன்னிரண்டு கிராம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. போடியில் ஒரு வியாபாரிகள் சங்கம் வெள்ளிவிழா மலர் போடுகிறது. அதில் சிறுதொழில் நடத்துவது, வேலைக்கு ஆள் எடுப்பது பற்றி உருப்படியான யோசனைகளாக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் வாழ்நாளில் ஒரு பெட்டிக்கடைகூட நடத்தியவன் இல்லை. அதனால் என்ன, நடத்தியவரைக் கேட்டு எழுதினால் போயிற்று என்று ஏலக்காய்க் கடை எபனேசரிடம் போனேன். மலர்க்குழுத் தலைவரும் அவர்தான். அச்சுக்குப் போகிற ஒவ்வொரு வரியையும் அவர் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்.

ஒன்பது யோசனைகள் சொன்னார். பத்தாவதாக ஒரு சம்பவம் சொன்னார். அந்தச் சம்பவம் என் நாலு பக்கத்தையும் தின்றுவிட்டது.

2

"போடிமெட்டு மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு —" வேண்டாம். மேகத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"எபனேசர் நல்ல மனிதர். அவருடைய —" இதுவும் வேண்டாம். அதைத்தானே ஐயா கண்டுபிடிக்கப் பார்க்கிறேன்.

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். எபனேசருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. தன் தராசையே தினமும் காலையில் படிக்கல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். மலைத் தோட்டங்களிலிருந்து ஏலக்காய் வாங்கி, சலித்து, பெண்களை உட்காரவைத்து நிறமும் பருமனும் பார்த்துப் பொறுக்கவைத்து, வடக்கே அனுப்புகிற தொழில் அவருடையது. பொறுக்குகிற மேசையில் ஆறு பெண்கள். அதில் மொக்கம்மாள் வந்து சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. காயைத் தொட்டாலே எந்த மலைச் சரக்கு என்று சொல்லிவிடுவாள். கம்ப்யூட்டர் மட்டும் வராது.

கம்ப்யூட்டர் தெரிந்த ஆள்தான் இப்போது தேவைப்பட்டது. மகள் ஷெரினுக்குப் பெங்களூரில் பிரசவம். எபனேசரும் மனைவியும் போய் மூன்று மாதம் இருக்கவேண்டும். அதுவரை கடையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

வந்தவள் உமாதேவி. மேகமலை எஸ்டேட்டில், தோட்டத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற லைன் வீட்டில் பிறந்தவள். சின்னமனூரில் தங்கி பி.காம். முடித்து, குமுளியில் ஒரு மசாலாக் கடையில் நாலு வருடம் இருந்திருக்கிறாள். எபனேசர் அந்தக் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"நல்ல குட்டியா, எபனேசரே. ஒரு குழப்பமும் இல்லா," என்றார் குமுளிக்காரர் மலையாளத்தில். நல்ல பிள்ளை, ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம்.

போனை வைத்ததுமே எபனேசருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கெட்டிக்கார ஆளை விட மனசில்லாதவன் நாலு குறை சொல்வான். தொலைந்தால் போதும் என்று இருக்கிறவன்தான் இப்படிப் புகழ்வான். முப்பது வருடத்தில் அவர் கண்டது இதுதான்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இது அவர் சொன்ன நாலாவது யோசனை. "அப்ப உங்ககிட்ட யாராச்சும் போன் போட்டு விசாரிச்சா நீங்க என்ன சொல்வீங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஐந்தாவது யோசனைக்குப் போய்விட்டார்.)

3

கடைப் பொறுப்புக்கே வந்தாலும் முதல் மாதம் மேசையில் உட்கார்ந்து காய் பொறுக்கியே ஆகவேண்டும். இது அவருடைய ஆறாவது யோசனை. எனக்குப் பிடித்ததும் இது ஒன்றுதான். உமாதேவியும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தாள், மொக்கம்மாளுக்குப் பக்கத்தில்.

மூன்றாம் நாள் சோதனை. இந்தக் கடையில் சேர்கிற எவருக்கும் இது உண்டு. மொக்கம்மாளுக்கும் நடந்திருக்கிறது. எட்டு எம்.எம். பருமனுள்ள முதல்தரக் காயை நூறு கிராம் நிறுத்து, பேப்பரில் மடித்து, நூல் கட்டி, பெண்கள் சாப்பிடுகிற அறையின் ஜன்னலில் மறந்துபோய் வைத்ததுபோல வைப்பார். பொட்டலம் அவர் மேசைக்கு வந்தால் ஆள் இருக்கலாம். வராவிட்டால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார். திட்ட மாட்டார், காரணமும் சொல்ல மாட்டார்.

மதியம் வைத்தார். நாலு மணி டீ முடிந்து உமாதேவி வந்தாள்.

"அண்ணாச்சி, இது ஜன்னல்ல கெடந்துச்சு."

"அப்பிடியா? அங்கன வை."

அவள் போனதும் தராசில் போட்டார். நூற்றுப் பன்னிரண்டு கிராம்.

முப்பது வருடத்தில் பொட்டலம் குறைந்து வந்திருக்கிறது, சரியாக வந்திருக்கிறது, வராமலே போயிருக்கிறது. கூடி வந்ததே இல்லை. பேப்பரை விரித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு காயாகப் பொறுக்கினார். அவருடைய காய் நல்ல பச்சை. நடுநடுவே வெளுத்த, சின்னக் காய்கள். பிரித்து நிறுத்தார். அவருடைய காய் அறுபத்திரண்டு கிராம். வேற்றுக் காய் ஐம்பது.

ஒரு ஏலக்காய் வியாபாரிக்கு இதைப் பார்த்தால் என்ன தோன்றும்? நமக்குத் தோன்றாதது தோன்றும். நல்ல காயை எடுத்துக்கொண்டு மட்டக் காயைக் கலந்து எடையைச் சரிக்கட்டுவது இந்தத் தொழிலின் பழைய திருட்டு.

"முப்பத்தெட்டு கிராம் என் சரக்கை உருவிட்டு, அம்பது கிராம் குப்பையைக் கலந்து வச்சிருக்கா பாருங்க," என்றார் என்னிடம். "எடையைக் கூட்டிக் காட்டி என் கண்ணைக் கட்டப் பாக்குறா. சேந்து மூணே நாளு! இவ கையில சாவியைக் குடுத்துட்டு நான் பெங்களூரு போனா, திரும்பி வரையில கடை இருக்குமா? திங்கக்கிழமை அனுப்பிருவேன். எழுதிக்கோங்க சார், பத்தாவது யோசனை. கூடக் குடுக்குறவுகளை நம்பவே நம்பாதீங்க."

எழுதிக்கொண்டேன். கட்டுரை முடிந்தது என்று சந்தோஷம் வேறு.

4

முடியவில்லை. உமாதேவி என்கிற பாத்திரம் எனக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. திருடுகிறவள் பொட்டலத்தை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாமே? யார் கேட்கப் போகிறார்கள்? ஐம்பது கிராம் காய் தேடிக் கலந்து, முதலாளி மேசையில் கொண்டுபோய் வைக்கிற அளவுக்கு மெனக்கெடுகிற திருடியை நான் எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பிடித்தேன். யார் என்று சொன்னதும் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி அனுப்புனாகளா?"

"இல்லம்மா. நானாத்தான் வந்தேன். அந்தப் பொட்டலம் —"

"சோதனைக்கு வச்சதுதான சார்? எட்டு எம்.எம். காயை யாரு ஜன்னல்ல மறந்து வைப்பா? பாத்ததுமே தெரிஞ்சிருச்சு." சுற்றும்முற்றும் பார்த்தாள். "ஆனா நான் பாக்கையிலேயே நூலு அவுந்து கெடந்துச்சு. பேப்பரு பெருசா இருக்கு, உள்ள காய் கம்மியா இருக்கு. எம்புட்டு இருந்துச்சுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? குறைஞ்சிருந்தா என் தலையிலதான விழும்? டீ நேரத்துல கடைத்தெரு முக்குக் கடைக்கு ஓடி அம்பது கிராம் வாங்கிக் கலந்தேன். குறைஞ்சா திருடிம்பாக. கூடுனா என்ன சார் சொல்லப் போறாக?"

என்ன சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை.

"உனக்கு முன்னாடி அங்க சாப்பிடப் போனது யாரு?"

"ஒரே ஆளுதான் போனாக."

"மொக்கம்மாளா?"

"நான் யாரு பேரும் சொல்லல." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "எழுதிறாதீங்க சார், கும்பிட்டுக் கேக்குறேன். நாளைக்கும் அவுக பக்கத்துல உக்காந்துதான நான் காய் பொறுக்கணும். இந்த வேலை எனக்கு வேணும். அப்பாவுக்கு இந்த வருசத்தோட எஸ்டேட் வேலை முடியுது. லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாக. இங்கன ஒரு வீடு பாத்துக் கூட்டியாரணும்."

பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

நான் நேரே கடைத்தெருவுக்குப் போய், அவள் காய் வாங்கியதாகச் சொன்ன கடையில் விசாரித்தேன். ஆமாம், அந்தப் பிள்ளை அன்றைக்கு நாலு மணிக்கு மூச்சிரைக்க வந்து ஐம்பது கிராம் வாங்கியதாம். விசாரித்துவிட்டு வெட்கப்பட்டேன். எபனேசரின் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது.

5

(இந்தப் பகுதியில் மொக்கம்மாள் ஏன் எடுத்தாள் என்று இரண்டு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். இருபத்திரண்டு வருடம் கடையைக் கட்டிக்காத்தவளுக்குச் சாவி இல்லை, நேற்று வந்தவளுக்கு உண்டு என்றால் வயிறு எரியாதா? அந்தச் சோதனை எப்படி நடக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. புதியவளைத் தோற்கடிக்க ஒரு பிடி போதும். இதெல்லாம் என் ஊகம். அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். கேட்கப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம்.)

6

சனிக்கிழமை எபனேசர் போனில் கூப்பிட்டார்.

"உமாவைப் பாத்தீங்களாம்ல?"

"பாத்தேன்."

"என்ன சொன்னா?"

"பேசுறதுக்குள்ள பஸ் வந்துருச்சு அண்ணாச்சி."

அதற்கு அவர் சொன்னார்: "மொக்கம்மா இல்லைன்னா இந்தக் கடையே இல்ல சார். அவளை என்னால ஒரு வார்த்தை கேக்க முடியாது."

நான் மொக்கம்மாள் பெயரை எடுக்கவே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவருக்கு முதலிலேயே மொக்கம்மாள்மேல் சந்தேகம் இருந்திருக்கிறது. மனைவியிடம்கூடக் கடை விஷயம் பேசாதவர், எழுதுகிறவனிடம் அந்தப் பொட்டல விஷயத்தை ஏன் சொன்னார்? தன்னால் கேட்க முடியாததை என்னைக் கேட்க வைக்கிறாரா? இல்லை, கேட்டாலும் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று கணக்குப் போட்டாரா? இரண்டில் எதுவானாலும் மனிதர் என்னையும் சோதித்திருக்கிறார். கோபம் கோபமாக வந்தது.

7

முடிவு ஒன்று: ஒன்பது யோசனைகளோடு நிறுத்திக்கொள்கிறேன். திங்கட்கிழமை உமாதேவி போகிறாள். மொக்கம்மாள் இருக்கிறாள். நான் கொடுத்த வாக்கு நிற்கிறது. (எங்கே கொடுத்தேன்? பஸ் ஏறிவிட்டாளே.)

முடிவு இரண்டு: எபனேசர் இருவரையும் கூப்பிட்டு, "தப்பு எம்மேலதான். இனிமே இந்தப் பொட்டலம் வைக்கிற வேலையே —" சீச்சீ. இப்படி ஒரு முதலாளியை நான் போடியில் பார்த்ததில்லை. எழுதக் கையும் வரவில்லை.

முடிவு மூன்று என்னிடம் இல்லை. உமாதேவி சொல்லாதே என்றாள். சொல்லாவிட்டால் அவள் வேலை போகிறது. சொன்னால் மொக்கம்மாளைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயரோடு அதே மேசையில் உட்காரவேண்டும். இரண்டு நாள் இதையே சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம், நீங்கள் இதுவரை படித்த அத்தனையையும் ஒரு வரி விடாமல் மலர்க்குழுத் தலைவருக்கு அனுப்பிவிட்டேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். அதில் போடியில் ஒருவரும் ஏமாற மாட்டார்கள்.

இது அச்சாகி உங்கள் கையில் இருக்கிறது என்றால், எபனேசர் முழுக்கப் படித்திருக்கிறார், படித்தும் தடுக்கவில்லை என்று அர்த்தம். அதற்குமேல் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை.

போடிப் பக்கம் வந்தால் அந்தக் கடைக்குள் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். மேசையில் பழைய ஆறு பேரோடு சேர்த்து ஏழு பேர் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள். நான் போகமாட்டேன். அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.