பேர் கேட்கும் மெஷின்

“என்னடா இது, ஆளப் பாத்துப் பேர் கேக்குது?”

“அதான் டேடி காவல். பேர் தெரிஞ்சவங்களத்தான் உள்ள விடும். அடிச்சுப் பாருங்க.”

அகஸ்டின் ஒற்றை விரலால் தன் பெயரை ஆங்கிலத்தில் தட்டினார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வணக்கம் சொல்லின. மனைவி டோரீனின் பெயரைத் தட்டியதற்கும் சொல்லின. குறும்பாக எஸ்டேட் துரையின் பெயரைத் தட்டினார். தெரியாத ஆள், உள்ளே இடமில்லை என்று வந்தது.

“துரையவே வாசல்ல நிப்பாட்டிருச்சே! நல்ல நாய்தான்லா!”

“இன்னொரு பேரும் அதுக்குத் தெரியும் டேடி.” டொனால்ட் குனிந்து நாலு எழுத்தைத் தட்டினான். ஜெயா. மெஷின் வணக்கம் சொன்னது.

“யாரு... நம்ம வேலாயி மவளா? கூலிக்காரங்க லயத்துப் புள்ளயா?”

“ஆமா டேடி.”

“மெஷின் உள்ள விடும்டா. என் வாசல் விடாது.”

“அப்ப நானும் வரல. நீங்களா ஒருநாள் அவ பேரச் சொல்லிக் கூப்புடுங்க. அன்னிக்கு ரெண்டு பேரும் வர்றோம்.”

மெஷினின் சுவிட்சைப் போடும்போதெல்லாம் இந்தப் பேச்சு அகஸ்டினின் காதில் முதலிலிருந்து கடைசிவரை ஓடி முடிந்துவிடும். அது எண்பத்தாறில் நடந்தது. அந்த வாரமே டொனால்ட் ஜெயாவோடு ஜொகூருக்குப் போய்விட்டான். அங்கே பதிவுத் திருமணம் நடந்ததாகச் சேதி வந்தது. அவன் ஈப்போவில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த பழைய மெஷின் மட்டும் ஹாலில், மாதா படத்துக்குக் கீழே, டோரீன் பூப்போட்டுத் தைத்த துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதலில் சில மாதங்கள் அகஸ்டின் அதன் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு கிறிஸ்மஸ் மழையில், டோரீன் சமையலறையில் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தபோது, என்ன செய்வதென்று தெரியாமல் துணியை விலக்கி, டொனால்ட் பெயர்களை எழுதி விட்டுப்போன டிஸ்க்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. எண்கள் மளமளவென்று ஏறின. ஒரு பீப் சத்தம். டிஸ்க் பெட்டிக்குள் யாரோ பல்லைக் கடிப்பதுபோல் கரகரவென்று கேட்டது. அவ்வளவுதான். திரை அப்படியே நின்றுபோனது. பெயர் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவர் அதை விடவில்லை. முதலில் கரண்டின் மேல் சந்தேகம் வந்தது. ஃபேக்டரியில் தேயிலைக் கொழுந்து வாட்டும் விசிறிகளைப் போட்டால் குவாட்டர்ஸில் விளக்குகள் மங்கிப்போகும். அதனால் ஃபேக்டரி ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் போட்டுப் பார்த்தார். அப்போதும் விழுந்தது. ஃபேக்டரி வயர்மேன் இருளப்பன் வந்து மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, “ஐயா, இந்த விசிறிய விட்டா இதுல சுத்துற சாமான் ஒண்ணையும் காணோமே” என்று வருத்தப்பட்டுவிட்டு மூடினான். அகஸ்டின் மெல்லிய துணியால் ஒவ்வொரு தகட்டையும் துடைத்தார். ஈரமாக இருக்கும் என்று கரியடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க வைத்தார். தானா ராத்தா டவுனுக்கு லோரியில் ஏற்றிப் போனார். ரேடியோ ரிப்பேர் செய்யும் சீனர், “ரேடியோ போலே, இனி தாக் போலே லா” என்றார்; ரேடியோ என்றால் முடியும், இது முடியாது என்று மலாயில் கையை விரித்துவிட்டார். அகஸ்டின் எஸ்டேட்டின் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. சம்பளக் கணக்கு, ஆள் கணக்கு, கொழுந்துக் கணக்கு எதுவும் அவர் கைக்கு வந்து நேராகாமல் போனதில்லை. இது மட்டும் நேராகவில்லை. தெரிந்தவன் ஒருவன் இருந்தான். அவனைக் கேட்க வாய் வரவில்லை.

இப்படிச் சில வருஷங்கள் போன பிறகு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலாயி பின்வாசலில் வந்து நின்றாள். ஜெயாவின் அம்மா. முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பில் மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் தாள். மகள் இந்த வீட்டுப் பையனைக் கட்டிய பிறகும் அவள் டோரீனை அம்மா என்றும் அகஸ்டினை ஐயா என்றும்தான் கூப்பிட்டாள். சம்பந்தி என்ற சொல் லயத்துக்கும் கிராணி வீட்டுக்கும் நடுவில், யார் வாயிலும் ஏறாமல், தேயிலைச் சரிவில் எங்கேயோ கிடந்தது.

“அம்மா, ஐயாகிட்ட சொல்லிருங்க. புள்ளைங்க நியூசிலாந்து போவுதுங்களாம். வர்ற பொதங்கெழம ஏரோப்ளேனாம். வேல கெடச்சிருச்சாம்.”

டோரீன் கையில் இருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று பார்த்தாள்.

“எப்ப திரும்பி வருவாங்களாம்?”

“அதச் சொல்லலம்மா. அங்கயும் நம்ம ஊரு மாதிரிதான் குளுருமாம். அதுக்குப் போயி இம்புட்டுத் தூரம் போவுதுங்க பாருங்க.” வேலாயி சிரிக்கப் பார்த்தாள். பிறகு டெலிபோன் நம்பர் எழுதிய சிகரெட் அட்டையைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, உள்ளே கூப்பிடுவார்களோ என்று காத்திருக்காமல் இறங்கிப் போனாள்.

சாயங்காலம் டோரீன் சேதியைச் சொல்லி அட்டையைக் கணவனிடம் கொடுத்தாள். மறுநாள் மாதா கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், ரிங்லெட் சாலையில் நடந்துகொண்டே சொன்னாள்.

“அவங்கிட்ட மெஷினப் பத்தியாவது கேளுங்களேன்.”

டெலிபோன் இருந்த எஸ்டேட் ஆபீஸின் சாவி அகஸ்டினிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் இல்லை. ஆபீஸ் சன்னலும் அவர்கள் வீட்டு ஹால் சன்னலும் நடுவில் பத்துப் பன்னிரண்டு வரிசைத் தேயிலைச் செடிகளை விட்டு எதிரெதிரே இருந்தன. பசியாற நேரமாகிவிட்டால் டோரீன் அங்கிருந்தே கூப்பிடுவாள். இன்று அவள் மெஷினுக்கு முன்னால் நிற்க வேண்டும், அவர் டெலிபோனில் நிற்க வேண்டும். இரண்டு சன்னல்களையும் திறந்து வைத்தார்கள். பனி தாராளமாக உள்ளே வந்தது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு டொனால்டின் குரல்.

“ஹலோ?”

“நான்தான்.”

“மம்மிக்கு ஏதும்...?”

“சேச்சே, மம்மி நல்லா இருக்கா. மெஷின்தான் கெட்டுப்போச்சு.”

“எந்த மெஷினு?”

“உன் மெஷினுதான்டா. எழும்பும்போதே விழுந்துருது. பேரே கேக்க மாட்டேங்குது.”

டொனால்ட் கடைக்கு வந்த ஆளிடம் பேசும் குரலில், “டிஸ்க் போட்டு ஆன் பண்ணுங்க. திரையில என்ன வருதுன்னு சொல்லுங்க” என்றான்.

“டோரீன்! ஆன் பண்ணு!”

“பண்ணிட்டேங்க!” பனிக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. “நம்பர் ஓடுது! கத்துது! சின்ன லைட்டு செவப்பா எரியுது!”

அகஸ்டின் ஒவ்வொன்றையும் டெலிபோனில் திருப்பிச் சொன்னார். “பொறுங்க டேடி. இன்னும் கொஞ்ச நேரம் பாக்கச் சொல்லுங்க,” என்றான் டொனால்ட். ஒரு பெரிய இடைவெளி. இத்தனை நாளில் நின்றுபோன திரையை அணைத்துவிடுவதே அகஸ்டினின் வழக்கம். இப்படிப் பொறுத்துப் பார்த்ததில்லை.

“ஏதோ எழுத்து வருதுங்க! இங்கிலீஸு!” டோரீன் கத்தினாள். “நடுவுல ஸ்ட்ரைக்குன்னு போட்டிருக்கு!”

“என்னது?”

“ஸ்ட்ரைக்குங்க! இதுவும் ஸ்ட்ரைக் பண்ணுதாம்!”

அகஸ்டினுக்குச் சிரிப்பு வந்தது. எழுபதுகளில் சங்கத்துக்காரர்கள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்த நாள்முதல் அவர்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். “மம்மி சொல்றா, மெஷின் ஸ்ட்ரைக்காம்டா. சங்கத்துல சேந்துருச்சு போல.”

கம்பியின் அந்தப் பக்கத்திலும் சிரிப்புச் சத்தம் கேட்டது. சின்னச் சிரிப்பு, சட்டென்று நின்றுவிட்டது. “ஸ்ட்ரைக்னா, ஏதாவது கீயத் தட்டச் சொல்லுது டேடி. தட்டினாலும் ஒண்ணும் ஆவாது. டிஸ்க்க அதால படிக்க முடியல. டிஸ்க்க வெளிய எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, தட்டையா இருக்கான்னு.”

அகஸ்டின் அதைச் சன்னல் வழியே கத்தினார். சற்று நேரத்தில் செடிகளுக்கு நடுவே டோரீன் வருவது தெரிந்தது. கார்டிகனுக்குள் எதையோ அணைத்துப் பிடித்தபடி, பனியை முகத்தால் விலக்கிக்கொண்டு. மேசையில் உறையைக் கழற்றி டிஸ்க்கை வைத்தாள்.

“அப்பளம் மாதிரி நெளிஞ்சிருக்குங்க. இது எப்பவும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

அகஸ்டினும் அப்படித்தான் நினைத்திருந்தார். டெலிபோனில் சொன்னார்.

“எங்க வச்சிருந்தீங்க?”

“அலமாரிலதான். மம்மி உன் சட்டைங்களோட வச்சிருந்தா.”

மலையில் எல்லார் வீட்டு அலமாரியிலும் அடித்தட்டில் ஒரு பல்பு எரியும்; இல்லாவிட்டால் துணியெல்லாம் பூஞ்சை பிடித்து, மணம் வந்து, தைத்த இடங்களில் கறுத்துப்போகும். பத்திரமாக இருக்க வேண்டியதையெல்லாம் டோரீன் அங்கேதான் வைப்பாள்; ஞானஸ்நானச் சட்டை, கல்யாணப் புடவை, மகனின் டிஸ்க்.

“அந்தப் பல்பு இன்னும் எரியுதா டேடி?”

“எரியுது. உன் அலமாரில அணைச்சதே இல்ல.”

“அந்தச் சூடுதான்,” என்றான் டொனால்ட் மெதுவாக. “டிஸ்க் செத்துப்போச்சு.”

“ரிப்பேர் பண்ண முடியாதா?”

“முடியாது.”

“வேற ஒண்ணு... உங்கிட்ட இருக்குமே?”

“அது ஒண்ணுதான் எழுதினேன். தூக்கிப் போட்டுருங்க டேடி. இப்பல்லாம் அந்த மாதிரி மெஷின யாரும் வச்சிக்கிறதில்ல.”

“அதுக்குள்ள இருந்த பேரெல்லாம்?”

“எல்லாம் போச்சு.”

அகஸ்டின் வழியெல்லாம் கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தார். வோல்டேஜ், தூசி, ஈரம், விசிறிச் சத்தம். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போனால் பேச்சு நெடுநேரம் போகும், போகிற போக்கில் ஏதாவது ஒரு இடத்தில் அந்தப் பெயர் அதுவாக வாயில் வந்துவிடும் என்று நம்பியிருந்தார். செத்துப்போன சாமானைப் பற்றிக் கேட்க ஒரு கேள்விகூட மிச்சமில்லை. டோரீன் அவரைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், தான்தான் கொன்றுவிட்டதுபோல.

“வச்சிரட்டுமா டேடி? பெட்டி கட்டிக்கிட்டிருக்கோம். பொதங்கெழம ஃபிளைட்டு.”

“பொறுடா.”

அவன் பொறுத்தான். அவனுக்குப் பின்னால் எங்கேயோ பாத்திரம் வைக்கும் சத்தமும், “யாருங்க? எஸ்டேட்லேருந்தா?” என்று கேட்கும் ஒரு பெண்குரலும் வந்தன. வேலாயியின் குரலேதான், வயது மட்டும் குறைவு. டொனால்ட் ரிசீவரைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னது தெரிந்தது. இந்த ஆபீஸில் எத்தனையோ பெயர்களைக் கூப்பிட்டிருக்கிறார். ஆள் கணக்கெடுக்கையில் வேலாயியின் பெயரை நாள்தோறும் கூப்பிட்டிருக்கிறார்.

“போறதுக்கு முன்னால,” என்றார், “ஒருக்கா வந்துட்டுப் போயேன்.”

கம்பியில் இரைச்சல். ஜொகூரிலிருந்து இங்கே வர ஒரு பகல் முழுக்க ஆகும், திரும்ப இன்னொரு பகல். பெட்டியும் கட்டி, புதன்கிழமைக்குள் அது நடப்பது கஷ்டம் என்று இருவருக்குமே தெரியும்.

“யாரு வரணும் டேடி?”

அவன் குரலில் கோபம் இல்லை. வெறுமனே கேட்டான், பச்சை எழுத்து கேட்பதைப்போல.

டோரீன் உள்ளங்கையை டிஸ்க்கின் மேல் வைத்துத் தட்டையாக்கப் பார்த்தாள். கையை எடுத்ததும் அது மெல்ல மறுபடி நெளிந்து எழுந்தது. அவள் திரும்பவும் அழுத்தினாள். சன்னலுக்கு வெளியே வீடு பனியில் மறைந்துபோயிருந்தது.

“ஜெயா,” என்றார் அகஸ்டின். டோரீனின் கை அப்படியே நின்றது. “ஜெயாவக் கூட்டிக்கிட்டு வா.”