ஸ்டேஷன் படத்தில் தீர்த்தம்மாள்

அந்தப் படத்தின் உண்மையான பெயரைச் சொன்னால் இப்போது யாருக்கும் ஞாபகம் வராது. மொரப்பூரிலும் பொம்மிடியிலும் அதற்கு ஸ்டேஷன் படம் என்றுதான் பெயர். பி.யு.சி. படிக்கும் ஏழு பையன்கள் பரீட்சைக்குப் பயந்து விடுதியிலிருந்து கம்பி நீட்டிவிட்டு ரயில் ஏறுகிறார்கள். போகிற இடமெல்லாம் ஏதாவது ஒரு வாத்தியார் வந்து நிற்கிறார். அவ்வளவுதான் கதை. 1965இல் அதில் ஒரு காட்சியை மொரப்பூர் ஸ்டேஷனில் எடுத்தார்கள்.

அந்தக் காட்சியில் தான் இருப்பதாக என் மனைவி தீர்த்தம்மாள் சொல்லுவாள்.

அப்போது அவளுக்கு ஏழு வயது. அவளுடைய அப்பா மாதையன் அந்த ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிக் கொடி காட்டும் பாயிண்ட்ஸ்மேன். அவருக்குச் சோறு கொண்டுபோனவள் பெஞ்சின் மேல் கிடந்த பச்சைக் கொடியை எடுத்து ஆட்டினாளாம். டீ குடிப்பதாக நடித்துக்கொண்டிருந்த பையன்கள் ரயில் கிளம்பிவிட்டதென்று டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார்களாம். ரயில் அசையவே இல்லையாம். டைரக்டர் சிரித்துவிட்டு, அதையும் படத்தில் வைத்துக்கொண்டாராம்.

"நான் வெளயாட்டுக்கு ஆட்டலீங்க. ரயில் லேட்டாவுதேன்னு நெஜமாத்தான் ஆட்டினேன்" என்பாள்.

நான் பொம்மிடிக்காரன். படம் மொரப்பூர் டென்ட் கொட்டாயில் ஓடி முடிந்து எங்கள் ஊர்க் கொட்டாய்க்கு வந்தது. மூன்று முறை பார்த்தேன். பையன்கள் டீ குடிப்பார்கள். அடுத்த கணம் ஓடுவார்கள். எதற்கு ஓடுகிறார்கள் என்று தெரியாது. அதற்கும் சிரித்தோம். கொடி காட்டும் சிறுமி யாரும் அதில் இல்லை.

கல்யாணமான புதிதில் இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னது இரண்டு வருஷம் கழித்து, ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தர்மபுரி சர்வே ஆபீசில் என்னோடு வரைவாளராக இருக்கும் தர்மன் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். பேச்சு சினிமாவுக்குப் போயிற்று. அவள் கொடிக் கதையைச் சொன்னாள். தர்மன் என்னைப் பார்த்து, நிஜமா என்று கேட்டான்.

"நானும் மூணு தடவ பார்த்திருக்கேன்ப்பா. அதுல இவ நெழல்கூட இல்ல" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் தூறல் விட்டிருந்தது. நின்று குடையை மடக்கிச் சுருட்டினாள். நான் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அந்தக் கதையை அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்கவில்லை.

1985 ஜூலையில் மஞ்சள் காமாலை. பதினாறு நாள். அவளுக்கு இருபத்தேழு வயது.

பிறகு ஆபீசுக்குப் போனேன், வந்தேன். வரைபடத்தில் கோடுகள் நேராகத்தான் விழுந்தன. அதைப் பார்த்து, நான் தேறிவிட்டேன் என்று தர்மன் மற்றவர்களிடம் சொன்னான்.

நான் குடியிருக்கும் தெருமுனையில் அன்வர் பாஷா வீடியோ கடை வைத்திருக்கிறார். கலர் டிவியும் கேசட் ஓட்டும் டெக்கும் நாள் வாடகைக்கு விடுவார். இந்த வருஷம் ஜூன் மாதம், புதிதாக வந்த கேசட்டுகளின் பெயர்களைக் கடை வாசலில் கரும்பலகையில் எழுதியிருந்தார். கடைசியில் அந்தப் படத்தின் பெயர் இருந்தது. உள்ளே போய் விசாரித்தேன். இந்தப் பக்கம் ஓடிய பிரிண்ட் எப்போதோ தேய்ந்து போய்விட்டதென்றும், இது சிங்கப்பூருக்குப் போன வேறொரு பிரிண்டிலிருந்து எடுத்த கேசட் என்றும் சொன்னார். கடையிலேயே போட்டுக் காட்டவா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். அவள் சொன்னது மெய்யா பொய்யா என்று எனக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவளைச் சின்ன வயதிலிருந்து சினிமாக்காரி என்று கூப்பிட்ட தெரு மொரப்பூரில் அப்படியே இருக்கிறது. அந்தத் தெருவின் முன்னால் பார்க்க வேண்டும். படத்தில் அவள் இல்லாமல் போனாலும் அவர்கள் முன்னால்தான்.

மொரப்பூர் போய் மாமா மாதையனிடம் சொன்னேன். ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆகிறது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு அறை உள்ள வீடு. நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் தலையை ஆட்டினார்.

"அதெல்லாம் எதுக்குங்க மாப்ள. பழசக் கிண்டாதீங்க."

அத்தை நஞ்சம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். அவளிடம் என் மனைவியின் சிறு வயதுப் படம் ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் கல்யாணப் படம்தான் முதல் படம்.

"நீங்க கொண்டாங்க மாப்ள. இருந்தா பார்க்கறேன். இல்லாட்டி போவுது."

மாமா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவருக்குத் துக்கம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அன்வர் பாஷாவும் நானும் பஸ் ஏறினோம். டிவியைப் போர்வையில் சுற்றி ஜன்னல் ஓரம் உட்காரவைத்தோம். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். டெக்கை அன்வர் பாஷா தன் மடியை விட்டு இறக்கவில்லை. யார் வாடகைக்கு எடுத்தாலும் அதைத் தொடுவது அவர் ஒருவர்தான்.

மதியம் இரண்டு மணிக்கு ஜன்னலில் போர்வையைக் கட்டி அறையை இருட்டாக்கினோம். டெக் வந்த வீட்டுக்கு அழைப்பு தேவையில்லை. தெருவே வந்து உட்கார்ந்தது. முன்வரிசையில் எதிர்வீட்டு ராணியம்மாள். சினிமாக்காரி என்ற பெயரை வைத்தவள் அவள்தான். என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அவ இருந்தாலும் இல்லாட்டியும் நல்ல சிரிப்புப் படங்க அது" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். மாமா உள்ளே வரவில்லை. வாசற்படியில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

படம் ஓடியது. கலர் டிவியில் கறுப்பு வெள்ளை. திரையின் அடியில் சிங்கப்பூர்க் கடையின் பெயரும் முகவரியும் ஊர்ந்துகொண்டே இருந்தன. பி.யு.சி. பையன்களில் ஒருவருக்கு முன்வழுக்கை. இன்னொருவருக்கு நாற்பது வயது இருக்கும். பத்து வயதில் இதெல்லாம் எனக்குத் தெரியவில்லை. வாத்தியார் கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கும் இடத்தில் அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது மற்றவர்கள் சிரித்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஐம்பது நிமிஷம் கழித்து ஸ்டேஷன் வந்தது. மொரப்பூர் என்ற பெயர்ப் பலகை. அறையில் சலசலப்பு. இடித்துவிட்ட பழைய டீக்கடையை ஒருவர் காட்டினார். செத்துப்போன ஸ்டேஷன் மாஸ்டரை இன்னொருவர் கண்டுபிடித்தார். பையன்கள் டீ குடித்தார்கள். நான் பார்த்த படத்தில் அடுத்து அவர்கள் ஓடவேண்டும்.

ஓடவில்லை. ஒரு சிறுமி வந்தாள்.

திரை முழுக்க அவள்தான். கணுக்காலுக்குக் கீழே தொங்கும் பாவாடை. காலடியில் தூக்குவாளி. இரண்டு கையாலும் கொடியைத் தலைக்கு மேல் பிடித்து, இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம் ஆட்டினாள். முகத்தில் சிரிப்பே இல்லை. அதைச் சரியாகப் பார்ப்பதற்குள், அந்த நேரம் பார்த்து, சிங்கப்பூர்க் கடையின் பெயர் மேலே ஏறி முகத்தின் குறுக்கே ஓடியது. பையன்கள் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ரயில் அப்படியே நின்றது. மறுபடியும் அவள். தலையைக் குனிந்து, கொடியைத் தொடையில் வைத்து நீவினாள். மூன்று சுற்றுச் சுற்றினாள். நுனியை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். ஆறு விநாடி இருக்கும்.

ராணியம்மாள்தான் முதலில் சொன்னாள்.

"புள்ள ஒண்ணு இருக்குதுதாங்க. இல்லேங்கல. மூஞ்சிதான் தெரியலயே. எந்தப் புள்ளயோ."

பின்னாலிருந்து ஒருவர், அது சிவப்புக் கொடியா பச்சைக் கொடியா என்றே தெரியவில்லை என்றார். அத்தை என்னைப் பார்த்தாள். இருபது வருஷத்துக்கு முந்தின தன் பெண்ணின் முகம் அவளுக்கே திரையில் பிடிபடவில்லை.

பின்னால் ஓட்டச் சொன்னேன். சிறுமி கொடியைச் சுருட்டும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

"நிறுத்தினா ஹெட் தேயும் சார்" என்றார் அன்வர் பாஷா. என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

நான் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள் என்றேன். நாலு வருஷம் அவள் குடையை இப்படித்தான் மடக்கினாள். தொடையில் ஒரு நீவல், மூன்று சுற்று, உள்ளங்கையில் ஒரு தட்டு. பாயையும் அப்படித்தான் சுருட்டுவாள். ஆபீசிலிருந்து நான் கொண்டுவரும் வரைபடத்தையும். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அவள் போன பதினொரு மாதத்தில் நான் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை.

"அது பச்சைதான்."

வாசற்படியிலிருந்து மாமா சொன்னார். எழுந்து நின்றிருந்தார்.

"செகப்பு என் கையில இருந்துச்சு. நான் இந்தாண்ட, கேமராவுக்குப் பக்கத்துல நின்னுகிட்டிருந்தேன்."

உள்ளே வந்து உட்கார்ந்தார். டிவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். படப்பெட்டி ரயிலில்தான் வரும். அதை இறக்கி, தலையில் வைத்து, கொட்டாய்க்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்தான். அந்தப் பழக்கத்தில் ஆபரேட்டர் காளியப்பன் அவருக்குச் சிநேகிதம். முதல் நாள் முதல் ஆட்டத்துக்கு, டியூட்டிக்கு நடுவில், அவர் மட்டும் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார். மகள் திரையளவு உயரத்துக்கு நின்றாள். கொட்டாயே சிரித்தது. பெருமை தாங்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஆபரேட்டரிடம் போய், எம் புள்ள படம் எனக்கு ஒண்ணு வேணும் என்று கேட்டிருக்கிறார். அவன் கத்தரித்துக் கொடுத்துவிட்டான். அவள் வந்த இரண்டு துண்டையும்.

"ஸ்டூடியோவுல போட்டோ கழுவிக் குடுக்கற மாதிரின்னு நெனச்சேன். வெட்டினா படத்துலயே இல்லாம போயிடும்னு எனக்குத் தோணலீங்க."

மறுநாள் தெருவையே கூட்டிக்கொண்டு போனார். தீர்த்தம்மாளைத் தோளில் உட்காரவைத்திருந்தார். பையன்கள் டீ குடித்தார்கள், ஓடினார்கள். மகள் வரவில்லை. தோளில் இருந்தவள், நான் எங்கப்பா என்று கேட்டாள். அவருக்கு அப்போதுதான் புரிந்தது. சொன்னால் காளியப்பன் வேலை போகும். ரயில்வே பார்சலில் வந்த பொருளில் கைவைத்தார் என்று இவர் வேலையும் போகும். பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டார். அந்தத் துண்டுகளைப் புகையிலை டப்பாவில் வைத்திருந்தார். நாலு கோடை வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக் கருப்பாகிவிட்டன.

"அவகிட்டயாவது சொன்னீங்களா?" என்று அத்தை கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவர் மறைத்தார். நான் சிரித்தேன். எந்த முகத்தோடு கோபப்படுவது? தர்மன் வீட்டில் நடந்ததை அங்கேயே, எல்லோருக்கும் சொன்னேன். அவள் சொன்னது நிஜம், நம்பாதவன் நான் என்றேன். ராணியம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்வர் பாஷாவிடம் சொன்னாள்.

"மறுபடி போடுங்க தம்பி. மொதல்ல இருந்து."

ராத்திரிக்குள் ஸ்டேஷன் காட்சி வரைக்கும் நாலு முறை ஓடியது. சேதி பரவி ஸ்டேஷனிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மூன்றாவது முறை ராணியம்மாள் வாசலில் நின்று உள்ளே வருகிறவர்களை நெருக்கி உட்காரவைத்தாள். "டீ குடிக்கறாங்க பாருங்க, இப்ப வருவா. நல்லா பாருங்க, எங்க தெருப் புள்ள" என்றாள். வந்தாள். ஆட்டினாள். ஏழு பேர் ஓடினார்கள். ரயில் நின்றது. அறை அதிர்ந்தது. அந்தப் படத்தில் அத்தனை பெரிய சிரிப்பு வேறு எந்த இடத்திலும் இல்லை. மாமா திரையைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் பேசினார்.

"எவ்வளவு சரியாப் புடிச்சிருக்கா பாருங்க கொடிய. நான் சொல்லிக்கூடக் குடுக்கல."

கேசட்டை அன்வர் பாஷா எனக்கே கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆபீசில், வரைபடத்தில் ஊர்ப் பெயர் எழுதும் பேனாவையும் இந்தியன் இங்க்கையும் எடுத்துவைத்தேன். கேசட் உறையில் நடிகர்கள் பெயர் தட்டச்சில் இருந்தது. ஏழு பெயர், கதாநாயகி, வாத்தியார். அதற்குக் கீழே இடம் இருந்தது. தீர்த்தம்மாள், மொரப்பூர் என்று எழுதினேன். வரைபடத்தில் தாலுகா தலைமையிடத்துக்குப் போடும் அளவு பெரிய எழுத்து.

தர்மன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, என்ன எழுதுகிறேன் என்று கேட்டான். மை காயட்டும் என்று சைகை காட்டினேன்.

"எம் பொண்டாட்டி நடிச்ச படம் வந்திருக்குது. ஞாயித்துக்கெழம குடும்பத்தோட எங்க வூட்டுக்கு வந்துடு" என்றேன்.