சொல்லவில்லை என்று சொன்னான்

“குடிப்பழக்கம் ஏதாவது உண்டாம்மா?”

வயிற்றில் சில்லென்ற பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை விலா எலும்புக்கு அடியில் அழுத்திக்கொண்டிருந்த டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனாலும் படுத்திருந்தவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

“என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?”

“பாத்தா தெரியாதும்மா, கேட்டாத்தான் தெரியும். மூச்சை இழுத்துப் பிடிங்க.”

மூச்சோடு கோபத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சர். சாட்சிகள் சொல்வதை ஒரு எழுத்து பிசகாமல் அடிப்பவள் என்று பெயர் எடுத்தவள். வேலையில் சேர்ந்த புதிதில் தம்பி விளையாட்டாக வைத்த ‘ஜட்ஜம்மா’ என்ற பட்டப்பெயர் எப்படியோ அலுவலகம் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. நிஜ நீதிபதிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், இந்த ஜட்ஜம்மா மட்டும் மாறவில்லை. யார் வீட்டில் என்ன தப்பு நடந்தாலும் அவளிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்.

வலது விலாவுக்குக் கீழே கொஞ்ச நாளாகவே ஒரு கனம். வாயுத் தொல்லை என்று கை வைத்தியம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் வந்திருந்தாள். டாக்டர் ஒரே இடத்தில் கருவியைத் திரும்பத் திரும்ப வைத்தார். பிறகு பசையைத் துடைத்துக்கொள்ளத் தாள் கொடுத்தார்.

“ஈரல்ல வலது பக்கம் ஒரு கட்டி தெரியுது. என்ன கட்டின்னு இதை வச்சு சொல்ல முடியாது. மருந்து ஏத்தி சிடி ஸ்கேன் எடுக்கணும், ரத்தமும் பாக்கணும்.”

ரத்தம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. ஈரல் டாக்டர் அவளையும் அவள் கணவரையும் எதிரே உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். ஹெபடைடிஸ் பி என்ற கிருமி. பல வருடங்களாக உள்ளே இருந்திருக்கிறது. அநேகமாகப் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கும். சத்தமே போடாது, ஒரு நாள் கட்டியாக எழுந்து நிற்கும்.

“கூடப் பிறந்தவங்க இருக்காங்களாம்மா? அவங்களையும் பாக்கணும்.”

“நான் ஒரே பொண்ணு டாக்டர்.”

கணவர் திரும்பி அவளைப் பார்த்தார். வெளியே வந்து, மாடிப்படிக்குப் பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் நின்றதும் கேட்டார்.

“ஒரே பொண்ணுதான், நான் இல்லேங்கல. அவர் கேட்டது அதையா?”

அவள் படி இறங்கத் தொடங்கினாள். பொய் சொல்லாமலே பொய் சொல்லும் வித்தையை எத்தனையோ சாட்சிகளிடம் பார்த்து முகம் சுளித்திருக்கிறாள். அது தன் வாயிலும் இவ்வளவு வழவழப்பாக வரும் என்று தெரிந்திருக்கவில்லை.

தம்பியை இல்லை என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது.

தம்பி ஜன்னலுக்கும் கடைகளுக்கும் கண்ணாடி அறுத்துப் பொருத்துபவன். ஒரு காலத்தில் மொடாக் குடியன். அவன் கல்யாணத்தன்றுகூட அவனை முகம் கழுவவைத்துத்தான் கூட்டிவர வேண்டியிருந்தது. “உன் ஈரல் அழுகித்தான்டா போகும்” என்று அவள் வாய்விட்டே சபித்திருக்கிறாள். பிறகு ஒரு நாள் அவனாகவே போய்ச் சிகிச்சையில் சேர்ந்து குடியை விட்டான். அங்கே ரத்தம் பார்த்தபோதுதான் அவனுக்குள் இந்தக் கிருமி இருப்பது தெரிந்திருக்கிறது. கூடப் பிறந்தவர்களுக்கு உடனே சொல்லுங்கள் என்றார்களாம். போனில் கூப்பிட்டால் அவள் எடுப்பதில்லை. அதனால் நேரே நீதிமன்றத்துக்கே வந்துவிட்டான்.

சாப்பாட்டு இடைவேளை. தாழ்வாரம் நிறைய வக்கீல்கள், கட்சிக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள். “அக்கா, ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாத்துடு. எனக்குக் கிருமி இருக்கு, அம்மாகிட்டருந்து வந்ததாம், உனக்கும் இருக்கலாம்” என்று அவன் பதற்றத்தில் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டான். சுற்றிலும் தலைகள் திரும்பின. அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. வாசலில் இருந்த காவலாளியைக் கூப்பிட்டாள்.

“குடிச்சிட்டு வந்து உளர்றான். வெளியே அனுப்புங்க.”

காவலாளி தோளைப் பிடித்ததும் தம்பி திமிறவில்லை. அவளை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனான். அதோடு போக்குவரத்து நின்றது. நல்லது கெட்டதுக்குக் கணவர் மட்டும் போய்வருவார்; அவரிடமும் தம்பி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இத்தனை வருடங்களாக யாரிடமும் சொல்லாத ஒன்று அவள் மனதில் கிடந்தது. அன்று அவன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தான். அவன் மேல் சோப்பு வாசனைதான் வந்தது. கண் தெளிவாக இருந்தது. அவன் குடிக்கவில்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

கணவர் அவளிடம் கேட்காமலே மைத்துனனுக்குப் போன் செய்துவிட்டார். சிடி எடுக்கிற அன்று காலையில் ஆஸ்பத்திரி வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. கட்டை விரலில் கண்ணாடி கிழித்த புதுக் கட்டு.

“என்ன ஜட்ஜம்மா, இளைச்சுட்டே?” என்றான், போன வாரம்தான் பார்த்தது போல.

அவளுக்குத் தரையைப் பார்ப்பதா அவனைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. “கை என்னடா?” என்று மட்டும் கேட்டாள்.

“இதா? தொழில் முத்திரை. வா, அந்தப் பக்கம் போகணும். ஊசி போட்டதும் உடம்பு குபுகுபுன்னு சூடாகும், படுக்கையை நனைச்சிட்டமோன்னு தோணும். பயப்படாதே, ஒண்ணும் ஆகியிருக்காது.”

அப்படியேதான் இருந்தது. வளையம் போன்ற அந்த இயந்திரத்துக்குள் படுத்திருந்தபோது மருந்து கையில் ஏறித் தொண்டையில் சுட்டு, அடிவயிறு வரைக்கும் வெந்நீர் போல இறங்கியது. மூச்சைப் பிடிக்கச் சொல்லி ஒரு குரல் கட்டளையிட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை நிபுணரின் அறைக்கு மூவருமாகப் போனார்கள். குட்டையான மனிதர், பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது. திரையில் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார்.

“மருந்து போன உடனே இந்த இடம் மட்டும் பளிச்சுன்னு வெளுக்குது பாருங்க. கொஞ்ச நேரத்துல மத்த ஈரல் வெளுக்கும்போது இது மட்டும் கறுத்துப்போகுது. கிருமி இருக்கிறவங்க ஈரல்ல ஒரு கட்டி இப்படி நடந்துக்கிட்டா அது புற்றுதான். சதை எடுத்துப் பாக்கணும்னுகூட இல்ல. நல்ல விஷயம் என்னன்னா, ஒரே இடத்துல இருக்கு, மிச்ச ஈரல் கெட்டுப்போகல. அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துடலாம். எடுத்த அளவுக்கு மிச்சம் வளர்ந்துக்கும். ஈரலுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை.”

கணவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நிபுணர் கோப்பைப் புரட்டினார். “கூடப் பிறந்தவங்க இல்லைன்னு போட்டிருக்கு. இவர் யாரு?”

“தம்பி” என்றான் தம்பி. “எனக்கும் இருக்கு டாக்டர். மாத்திரை சாப்பிடறேன், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன்.”

“எப்பக் கண்டுபிடிச்சாங்க?”

அவன் வருடத்தைச் சொன்னான். நிபுணர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அப்பவே அக்காகிட்ட சொல்லச் சொல்லியிருப்பாங்களே? நீங்க சொல்லலையா?”

அவள் நிமிர்ந்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும், இந்த நொடியே. தம்பி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“சொல்லல டாக்டர். விட்டுப்போச்சு. நான் அப்ப குடியில இருந்தேன்.”

“என்ன மனுஷன்யா நீங்க! ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மாத்திரையில வச்சிருக்கலாம். கட்டி வந்தாலும் பட்டாணி அளவுல பிடிச்சிருக்கலாம். சொந்த அக்காதானே?”

“தப்புதான் டாக்டர்.”

கணவருக்கும் தாழ்வாரத்துக் கதை தெரியாது. அவர் மைத்துனனைப் பார்த்த பார்வையில்கூட ஒரு ஏமாற்றம் தெரிந்தது. அவள் மடியில் இருந்த கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் தம்பி தனக்காக வாங்கிக்கொண்ட அத்தனை வசவையும் வாயை மூடிக்கொண்டு கேட்டாள்.

அலுவலகத்தில் பித்தப்பைக் கல் என்று சொல்லி விடுப்பு எடுத்தாள். ஈரல் என்று சொன்னால் குடியா என்பார்கள், கிருமி என்று சொன்னால் தொடவே பயப்படுவார்கள். அறுவைச் சிகிச்சை அன்று காலை, தள்ளுபடுக்கையில் கொண்டுபோகும்போது தம்பி கூடவே நடந்து வந்தான். “ஒண்ணு சொல்லணும்டா” என்றாள். “வந்து சொல்லு, எங்கே ஓடிடப் போறேன்” என்றான். கதவு சாத்திக்கொண்டது.

எதிர்பார்த்ததைவிட நேரம் பிடித்தது. வயிற்றைத் திறந்ததும் சின்ன ஸ்கேன் கருவி ஒன்றை ஈரலின் மேலேயே வைத்துத் தடவிப் பார்த்திருக்கிறார்கள். சிடியில் தெரியாத இன்னொரு புள்ளி, இடது பக்கத்தில், அகப்பட்டிருக்கிறது. பெரியதை வெட்டி எடுத்துவிட்டு, சின்னதை ஊசி செருகிச் சூட்டாலேயே பொசுக்கினார்களாம். வெளியே நிபுணர் இதைச் சொன்னபோது தம்பிதான் தன்னைப் பிடித்து உட்காரவைத்தான் என்று பிறகு கணவரே சொன்னார்.

வலி அடங்கிப் பொது வார்டுக்கு வந்த பிறகு ஒரு காலையில் நிபுணர் இளம் டாக்டர்கள் புடைசூழ வந்தார். விலாவில் இருந்த குழாயைப் பார்த்தார், கண் மஞ்சள் இறங்கிவிட்டதா என்று இமையை விரித்துப் பார்த்தார்.

“சோதனை முடிவு வந்தாச்சு. வெட்டின ஓரமெல்லாம் சுத்தம். தப்பிச்சீங்க.” பிறகு, தண்ணீர்ப் பாட்டிலோடு நின்ற தம்பியைப் பார்த்துச் சிரித்தார். “என்ன தம்பி, இனிமேலாவது வீட்டுல ஏதாவது சொல்லணும்னா காலாகாலத்துல சொல்லிடுவீங்கல்ல?”

இளம் டாக்டர்கள் சிரித்தார்கள். தம்பியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். திட்டு வாங்கியதைக்கூட அவளால் தாங்க முடிந்தது, இந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

“டாக்டர்.” தையல் இழுத்தது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பேசினாள். “அவன் சொன்னான். என் ஆபீசுக்கே வந்து சொன்னான். நான்தான் எல்லாருக்கும் முன்னால குடிகாரன் உளர்றான்னு சொல்லி ஆளை விட்டு வெளியே தள்ளினேன்.”

“அக்கா, விடு.”

“அவன் அன்னைக்குக் குடிக்கல. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். நீங்க திட்டினப்பவும் தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன்.”

வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரி வரைக்கும் எல்லோரும் கேட்டார்கள். நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்ககிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்” என்று தம்பியிடம் சொன்னார். அவன் “பரவால்ல டாக்டர்” என்று முணுமுணுத்தபடி பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போனான்.

சாயங்காலம் திரும்பி வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். ஆனால் உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நான் குடிச்சிருக்கேன்னு நீ நிஜமாவே நினைச்சிட்டேன்னுதான் இத்தனை வருஷம் இருந்தேன் அக்கா. குடிகாரன் பேச்சு, யாரு நம்புவா, அவ மேல என்ன தப்புன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். அதனாலதான் டாக்டர் கேட்டப்பவும் என் தலையில போட்டுக்கிட்டேன்.” நாற்காலியிலிருந்து கையை எடுத்தான். “உனக்குத் தெரியும்னா அது வேற கதை.”

“மன்னிச்சுடுடா.”

“இப்ப ஒண்ணும் கேக்காதே. தையல் ஆறட்டும்.”

வீட்டுக்கு அனுப்பிய அன்று அவன் வரவில்லை. வார்டில் நடந்ததைக் கேள்விப்பட்டிருந்த கணவர் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்று குற்றவாளிக் கூண்டில் அழுதவர்கள் சொன்னதை எத்தனையோ முறை தட்டச்சில் அடித்திருக்கிறாள். அவளுக்குக் குறையவில்லை. தன் பாரத்தை இறக்கப்போய், அவன் பிடித்துக்கொண்டு நின்ற ஒரே கொம்பையும் முறித்துவிட்டோம் என்றுதான் இருந்தது. ஆனாலும் அவனைத் திட்டு வாங்கவிட்டபடியே விட்டிருந்தால் இதைவிடக் கேவலம் என்றும் தெரிந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று சாப்பாட்டு மேசையில் யாரோ பித்தப்பைக் கல்லைப் பற்றி விசாரித்தார்கள்.

“கல் இல்ல. ஈரல்ல கட்டி. எனக்குக் கிருமி இருக்கு. என் தம்பி இங்கே வந்து கத்தினானே, அதே கிருமி. அவன் அன்னைக்குக் குடிச்சிட்டு வரல. நான் பொய் சொன்னேன்.”

யாரும் மென்று முடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் தன் சாப்பாட்டு டப்பாவைச் சற்று நகர்த்திக்கொண்டாள். முன்பானால் அதற்கு ஒரு தீர்ப்பு சொல்லியிருப்பாள். இன்று, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதால் ஒட்டாது என்று மட்டும் சொன்னாள். முகம் எரிந்தது. ஆனாலும் எழுந்து போகாமல் சாப்பிட்டு முடித்தாள்.

அறுவைக்குப் பிறகான முதல் சிடியில் புதிதாக ஒன்றும் இல்லை. மிச்ச ஈரல் நன்றாக வளர்ந்துவருகிறது என்றார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலிருந்தே தம்பிக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்கிற சமயத்தில் எடுத்தான். பின்னால் யாரோ “மெல்ல, மெல்லத் தூக்கு” என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

“சுத்தமா இருக்காம்டா.”

“ம். சந்தோஷம். மாத்திரையை நிறுத்திடாதே.”

“நிறுத்தல.” போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். “வீட்டுக்கு எப்ப வருவே?”

பின்னால் கத்தியவரிடம் ‘வரேன்’ என்றுவிட்டுத்தான் பதில் சொன்னான்.

“பாக்கலாம்கா. இப்ப கண்ணாடி கைல இருக்கு.”

“சரிடா. கையைப் பாத்துக்கோ.”

கணவர் படங்கள் இருந்த பெரிய உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். “என்ன சொன்னான்?”

“பாக்கலாம்னான்.”

“வரமாட்டேன்னு சொல்லலையே?”

“இல்ல.”

வெயிலில் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தார்கள். அடுத்த வாரமும் அவள் கூப்பிட்டாள். அவன் எடுத்தான்.