கோணல் பல்லுக்குச் சொந்தக்காரன்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் மாமியார் வாயால் கெட்டேன்.

எனக்குப் பல்செட் செய்யும் தொழில். என் ஒவ்வொரு செட்டிலும் இடது கோரைப்பல் மட்டும் இம்மியளவு கோணலாக இருக்கும். வரிசை ஒரேயடியாக ஒழுங்காக இருந்தால் பொய்ப்பல் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். அந்தக் கோணல் என் மூளையில் உதித்தது. அதற்கு வடிவ உரிமையும் பதிந்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

போன மாதம் எதிர்க்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து அதே கோணல் என்னைப் பார்த்து இளித்தது. ‘அரை மணியில் புன்னகை’ என்று பலகை வேறு. மிஷினில் பல் அச்சடிக்கும் கடைக்காரனுக்குப் பட்டப்பெயர் பிரிண்டர். நான் வெளியூர் போயிருந்தபோது நான் செய்து கொடுத்த பல்செட் விரிசல் விட, மாமியார் அதை அவனிடம் கொடுத்திருக்கிறார். அவன் ஒட்டிக் கொடுத்ததோடு ஸ்கேனும் எடுத்துக்கொண்டான். வடிவ உரிமை அலுவலகத்தில் புகார் கொடுத்தேன்.

விசாரணையில் பிரிண்டர் அப்பாவி முகம் காட்டினான். "நான் காப்பி அடிக்கல சார். மிஷின் பாத்துச்சு, மிஷினே செஞ்சுச்சு."

"அப்போ மிஷினைக் கூண்டுல ஏத்துங்க!" என்று கத்தினேன்.

அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டிக் களைத்துப்போய், அசலையும் நகலையும் மேசைமேல் வைக்கச் சொன்னார். சாட்சியாக வந்திருந்த மாமியார் கூச்சமில்லாமல் கழற்றிக் கொடுத்தார். சுத்தத்தில் கெட்டிக்காரரான பியூன் இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

"போட்டுப் பேசிப் பாருங்கம்மா" என்றார் அதிகாரி.

மாமியார் ஒன்றை மாட்டினார். "சனிக்கிழமை சாயங்காலம் சந்தைக்கு..." சொல்லுக்குச் சொல் விசில் பறந்தது. வாசல்வரை போன பியூன் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பி ஓடிவந்தார். மாமியார் மற்றதை மாட்டி அதையே சொன்னார். மணி மணியாக வந்தது.

"இதுல உங்களோடது எது?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியும். மூன்று வருடமாக வீட்டில் அந்த விசிலைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் அதை என் கைவேலை என்று எப்படிச் சொல்வது? மானம் போய்விடாதா?

"அத்தை வாயில இப்ப இருக்குதே, அதுதான் சார்."

பிரிண்டர் வாயைத் திறப்பதற்குள் மாமியார் கையை உயர்த்தினார். துளி விசில் இல்லாமல் கேட்டார்:

"சரி மாப்பிள்ளை, சத்தியமா சொல்லுங்க. அப்போ மூணு வருஷமா என் வாயில விசில் அடிச்சது யார் செஞ்சது?"